கொழிஞ்சிப்பாளையத்துக்கு ஒறம்பரை வந்த நட்சத்திரங்கள்

மார்கழி ஒன்பதாந் தேதி சனிக்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில், கொழிஞ்சிப்பாளையம் கடைவீதியில் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு நட்சத்திரங்கள் வந்து இறங்கின. டீக்கடை மாஸ்டர் சென்னியப்பன் சர்க்கரை டப்பாவுக்குள் விழுந்தவற்றைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, இந்த வாரத்துச் சர்க்கரையில் கல் ஜாஸ்தி என்றார். சலவைக்கடை மாரப்பன் சொட்டு நீலம் கலக்கி வைத்திருந்த வாளியில் ஒரு பிடி விழுந்து மினுக்கியது. தண்ணீர் லாரி இனித் திங்கட்கிழமைதான் வரும் என்பதால் அவர் வேட்டிகளை அதிலேயே முக்கி எடுத்தார். மஞ்சள் குடோனில் மூட்டை தைத்தவர்கள் தலையிலிருந்து தட்டிவிட்டார்கள், எண்ணெய் மில் களத்தில் அவை தேங்காய்ப் பருப்போடு சேர்ந்து காய்ந்தன, சாயப்பட்டறையில் சிவப்புத் தொட்டிக்குள் போய் விழுந்தன, இப்படி வீதிக்கு வீதி வாசலுக்கு வாசல் அவை மிதந்து மிதந்து இறங்கிக்கொண்டே இருந்தன. கடுகளவு சில, சீரகத்தளவு சில, துவரம்பருப்பளவு ஏழெட்டு. எல்லாமே சுண்ணாம்பு வெள்ளை. தொட்டால் ஆறிக்கொண்டிருக்கும் இட்லியின் சூடு இருந்தது.

வானத்திலிருந்து விழுந்தவை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. வானத்தில் இருந்தவை வானத்தில்தான் இருந்தன. அவை யாருடைய கணினிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. இவை மயில் ஸ்டூடியோவின் கணினிக்குப் பின்னால், காற்றாடி சுற்றுகிற சல்லடை ஓட்டை வழியாக வெளியே வந்தவை. வரவழைத்தவள் கோகிலாமணி. வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாம் பழக்கதோஷம்.

கோகிலாமணி மயில் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு வேலை இரண்டே இரண்டு: புள்ளியை எடுப்பது, வெளுக்க வைப்பது. பெண்ணின் கன்னத்தில் பரு இருந்தால் எடுப்பாள், மாப்பிள்ளையின் நெற்றியில் மாடு முட்டிய தழும்பு இருந்தால் எடுப்பாள், மாமியார் மூக்கில் மச்சம் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பாள். பிறகு முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் அரிசிமாவு நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். ஆல்பத்தின் அட்டையில் தங்க எழுத்தில் மணமக்கள் பேர் இருக்கும். கடைசிப் பக்கத்தில் மயில் ஸ்டூடியோ, உரிமையாளர் மயில்சாமி என்று இருக்கும். அத்தனை பேரையும் எழுத்து எழுத்தாக அடித்தவள் கோகிலாமணிதான், ஆனால் அவள் பேர் எங்கேயும் இருக்காது. ஊரில் அவளை ஸ்டூடியோக்கா என்று கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். காலம் அப்படியே போய்விட்டது.

கார்த்திகை முதல் வாரத்தில் இருதயராஜ் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். நாகர்கோவில்காரன், காற்றாலைகளில் மெக்கானிக், வயது முப்பத்தைந்து, கல்யாணப் பேச்சை எடுத்தால் டெலஸ்கோப்பைப் பற்றிப் பேசுகிறவன். போன வருஷம் காற்றாலைப் பொட்டலில் அந்த டெலஸ்கோப்பை நிறுத்தி, வானத்தில் ரோஜாப் பூவாக ஒரு சிவப்பு மேகம் இருக்கிற இடத்தை நானூற்றுப் பன்னிரண்டு தடவை படம் பிடித்து வைத்திருந்தான்.

"அக்கா, நானூறு படம் எடுத்துட்டேன், எல்லாம் இருட்டாத்தான் கெடக்கு. இதயெல்லாம் ஒண்ணாச் சேத்து மேகத்த வெளிய கொண்டு வரணும்னா கம்ப்யூட்டர் வேல தெரியணும். எனக்கு ஸ்பானர் பிடிக்கத்தான் தெரியும், கேட்டியளா."

"நமக்குக் கல்யாண ஆல்பந்தானுங்க பழக்கம்."

"செஞ்சு பாருங்க. கோயமுத்தூர்ல விண்மீன் கழகம்னு ஒண்ணு இருக்கு, தை மாசம் கண்காட்சி வைக்காங்க. படத்துக்குக் கீழ ரெண்டு பேரு போடுவாங்க. எடுத்தவன் பேரு ஒண்ணு, பதப்படுத்துனவங்க பேரு ஒண்ணு."

"ஓனரு பேருங்களா?"

"ஓனருக்கு இதுல என்ன வேல? உங்க பேருதான்."

கோகிலாமணி கைநீட்டி ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டாள். அந்தப் பேர் தனக்கு எத்தனை வேண்டியிருந்தது என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளிக்கிற வாசனை வந்த பிறகுதானே பலருக்குப் பசி தெரிகிறது.

இருக்கிற ஆல்பங்களை முடித்துக்கொண்டே அவள் பாடம் படித்தாள். வீடியோவில் சொல்லிக்கொடுத்தவர்கள் பாதி இங்கிலீஷிலும் பாதி புரியாத இங்கிலீஷிலும் பேசினார்கள். அவள் காதை விட்டுவிட்டுக் கண்ணால் படித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் நட்சத்திரத்துக்கு நேராக நட்சத்திரம் வரும்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒற்றைப் படத்தில் ரவை தூவியது போலப் பொரிப்பொரியாக இருக்கும் பொய்யெல்லாம் படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் நிற்பதால் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு மறையும், நிஜம் மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நின்று கெட்டிப்படும். ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி விசாரிப்பதும் இப்படித்தான், ஆனால் அங்கே நானூறு சாட்சி கிடைப்பதில்லை. மூடியைப் போட்டுவிட்டு வெறும் இருட்டையும் சில படங்கள் எடுத்திருந்தான் இருதயராஜ். கேமரா தானாகப் போடும் கறையை அதில் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். டெலஸ்கோப்பின் வாயில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியும் சில படங்கள் எடுத்திருந்தான். கண்ணாடியில் ஒட்டிய தூசி அதில் தெரியும், அதை வைத்து வகுக்க வேண்டும். எண்ணெய் மில் விளக்கின் வெளிச்சம் ஒரு மூலையில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது, அதையும் வழித்தெடுக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் படம் இருட்டாகவே இருக்கும். அப்போதுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளைகோட்டைத் திரையில் பிடித்து மெல்ல மெல்ல மேலே இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் வெளிச்சமெல்லாம் தீய்ந்துபோகும்.

அவள் இழுத்தாள். கார்த்திகை இருபத்தாறாம் நாள் மதியம், திரையின் இருட்டுக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு மேகம், இதழ் இதழாக, நடுவில் குழியோடு எழுந்து வந்தது. சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மயில்சாமி எழுந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "அழகா இருக்குதே, யாரு வூட்டுக் கல்யாணம்?" என்றார். கோகிலாமணிக்கு அழுகை வந்தது. நல்ல அழுகைதான்.

விண்மீன் கழகத்தின் செயலாளர் ஆராவமுதன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு விடை எழுதினார். "மேகம் அருமை அம்மா. நட்சத்திரங்கள்தான் சுண்ணாம்பு. நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு. கடுஞ்சூடானது நீலம், நடுத்தரம் மஞ்சள், குளிர்ந்தது சிவப்பு. நீங்கள் எல்லாவற்றையும் வெளுத்துவிட்டீர்கள். நட்சத்திரங்களைத் தனியே பிரித்தெடுத்து, நிறத்தை மீட்டு, திரும்ப மேகத்தின் மேல் வையுங்கள். மார்கழி இருபத்தைந்துக்குள் வந்தால் மாட்டுவோம், வராவிட்டால் மாட்ட இயலாது."

இருபத்திரண்டு வருஷக் கை. ஆறாயிரம் முகத்தைப் பார்த்ததும் தானாக வெளுத்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. நட்சத்திரங்களைப் பிரித்தெடுக்கும் கருவியைப் படித்து முடித்து, மார்கழி ஒன்பதாந் தேதி அவள் அதை ஓட்டியபோது, ஒரு சின்னப் பெட்டி வந்து, எடுத்தவற்றைத் தனிக் கோப்பாகச் சேமிக்கவா என்று கேட்டது. அவள் வேண்டாம் என்று அழுத்தினாள். ஒரு பெண்ணின் முகத்திலிருந்து எடுத்த பருக்களை எந்த ஸ்டூடியோவும் டப்பாவில் போட்டு வைப்பதில்லை.

கணினி நாற்பது நிமிஷம் முக்கி முனகியது. முடிந்தபோது திரையில் மேகம் மட்டும் இருந்தது, மாசு மருவில்லாமல். அடுக்குவதற்கு முந்தைய நானூற்றுப் பன்னிரண்டு படங்களைத் திறந்து பார்த்தாள், அவற்றிலும் ஒரு புள்ளி இல்லை. போக இடமில்லாத நட்சத்திரங்கள் எல்லாப் படத்தையும் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தன. ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே சென்னியப்பன் சர்க்கரை டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஊர் அவற்றை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாரும் கூட்டித் தள்ளினார்கள். இரண்டாம் நாள் கோலம் போட வந்த பெண்கள் புள்ளிக்குப் பதில் நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். காற்றடித்தாலும் கலையவில்லை, எறும்பும் தூக்கவில்லை, ஆகவே மார்கழி முழுவதற்கும் அது போதும் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் வந்து, ரோட்டில் கிடப்பது பஞ்சாயத்துக்கு, பட்டா நிலத்தில் கிடப்பது பட்டாதாரருக்கு, கோழி கொத்தியது கோழிக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி திருநீற்றுத் தட்டில் விழுந்ததைத் திருநீற்றோடு சேர்த்தே கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்குக்குப் புளியங்கொட்டையை விட்டுவிட்டு இவற்றை எடுத்துக்கொண்டார்கள். டீக்கடையில் ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு மூன்று கிடந்தன, குடித்தவர்கள் அடியில் விட்டுவிட்டுப் போக, சென்னியப்பன் அவற்றையே மறுபடி டிக்காஷனில் போட்டார், டீ ஆறாமல் இருக்கிறது என்றார். வெண்ணெய்க்கார நாச்சாத்தாள் பானையில் துவரம்பருப்பளவில் ஒன்று விழுந்தது; அன்று முதல் வெண்ணெய் இறுகாமலும் இளகாமலும் நின்றது. சாயப்பட்டறையில் வேலை செய்யும் சிந்தாமணி, கல் விழுந்து ஏழு வருஷமாகக் குழியாகக் கிடந்த தன் மூக்குத்தியில் சிவப்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஒன்றை வைத்து அமுக்கினாள், அது அங்கேயே பிறந்ததுபோல உட்கார்ந்துகொண்டது. ஐந்தாம் நாள் ஆச்சரியமெல்லாம் ஓய்ந்து, பாயில் படுத்தால் நறநறவென்கிறது என்று குறைசொல்லத் தொடங்கிவிட்டார்கள். குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்றால் சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

கோகிலாமணி மட்டும் சோறு இறங்காமல் கிடந்தாள். வெறும் மேகத்தை அனுப்பிப் பார்த்தாள். நட்சத்திரமில்லாத வானத்தை மாட்ட இயலாது என்று ஆராவமுதன் எழுதிவிட்டார். இருதயராஜ் புதிதாகப் படமெடுக்கலாம் என்றால், நானூறு படத்துக்கு அவனுக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது. கண்காட்சி போனால் அடுத்த வருஷம் என்று அவன் ஆறுதல் சொன்னான். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு இருபத்துமூன்றாவது வருஷத்தைத் தாங்க முடியாது என்று தோன்றிவிட்டது. மார்கழி பதினெட்டாம் நாள் வெட்கத்தை விட்டுத் தெருவில் இறங்கினாள்.

"அண்ணா, அந்தச் சர்க்கரை டப்பாவுல இருக்கறதெல்லாம் என்றதுங்க," என்று சென்னியப்பனிடம் உரிமை கேட்டாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அம்மணி," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

எண்ணெய் மில்லில் சிரித்தார்கள். மஞ்சள் குடோனில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மயில்சாமி இரக்கப்பட்டு மைக் கட்டிய ஆட்டோ ஒன்றை ஊர் சுற்ற விட்டார். நட்சத்திரம் வைத்திருக்கும் பொதுமக்கள் அதை மயில் ஸ்டூடியோவில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று அது கத்திக்கொண்டு போயிற்று. சாயங்காலத்துக்குள் நாற்பது வந்தன. அவற்றில் பதினொன்று யூரியா.

மறுநாள் காலை அவள் நாச்சாத்தாள் வீட்டுக்குப் போனாள். நாச்சாத்தாளுக்கு ஐம்பத்தைந்து வயது, எழுதப் படிக்கத் தெரியாது, வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் ஓடும். தயிர் கடைந்தபடியே அவள் கேட்டாள்.

"ஏனம்மணி, அதையக் குடுத்தா உனக்கென்ன கெடைக்குது?"

"படத்துக்குக் கீழ என்ற பேரு வருங்க."

"பேரா?"

"ஆமாங்க. என்ற பேரு."

நாச்சாத்தாள் மத்தை நிறுத்தினாள். "உன்ற பேரென்ன?"

இருபத்திரண்டு வருஷமாக வாரம் தவறாமல் ஒருத்தி வெண்ணெய் கொடுத்தாள், ஒருத்தி வாங்கினாள். மகனுக்கு அம்மை போட்டதும் புருஷனுக்கு இடுப்புப் பிடித்ததும் பேசியாயிற்று.

"கோகிலாமணிங்க."

"கோகிலாமணி," என்று நாச்சாத்தாள் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேராத்தான இருக்குது. இத ஏன் இத்தன நாளா ஒளிச்சு வெச்சிருந்த?"

"யாரும் கேக்கலீங்க."

நாச்சாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். மோர் பாதியில் நின்றது. நாச்சாத்தாளுக்கு ஒரு சேதி தெரிந்தால் அப்புறம் ஊருக்கு மைக் எதற்கு. மதியத்துக்குள் சலவைக்கடையிலிருந்து சாயப்பட்டறை வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஸ்டூடியோக்காவுக்குக் கோகிலாமணி என்று பேராம், அந்தப் பேர் கோயமுத்தூரில் சுவரில் ஏறவேண்டுமாம், அதற்கு நம்மூர் நட்சத்திரம் வேண்டுமாம் என்று. மைக் கட்டிய ஆட்டோ கேட்டபோது அது பொதுமக்கள் சமாச்சாரம். இது வீட்டுக்கு வந்து கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. வந்து கேட்டவளுக்கு இல்லை என்று சொல்லக் கொழிஞ்சிப்பாளையத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவர்களை அங்கே வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போகிறவர்களை எப்படிச் சும்மா அனுப்புவது என்று நட்சத்திரங்களை வைத்த கிண்ணத்திலேயே மஞ்சள்பொடி கொஞ்சம், குங்குமம் கொஞ்சம், சர்க்கரை கொஞ்சம் போட்டு, மூடி, ஸ்டூடியோ வாசலில் வரிசையில் வந்து நின்றார்கள். சிலர் முறுக்கும் வைத்தார்கள். நாச்சாத்தாள் தன்னுடையதை வெண்ணெய் உருண்டைக்குள் புதைத்துக் கொண்டுவந்தாள், தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெண்கள் ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து முறத்தில் போட்டுப் புடைத்தார்கள், மாவுச் சல்லடையில் சலித்தார்கள், சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துவிட்டு நட்சத்திரத்தை வடிகட்டினார்கள். கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படமெடுக்கும் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் மயில்சாமி எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மார்கழி இருபத்திரண்டாம் நாள் மாலைக்குள் ஆறாயிரத்து நூற்றெழுபத்தொன்று சேர்ந்தன. மிச்சத்தில் கோழி தின்றது போக, மற்றவை பழனி பஸ்ஸின் கூரையில் ஏறிப் போயிருக்கும் என்றார்கள்.

அவற்றை ஸ்டூடியோ மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டிய பிறகுதான் கோகிலாமணி கவனித்தாள். ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. டீக்கடையில் இருந்தவை டீ நிறத்தில் இருந்தன. மஞ்சள் குடோனில் இருந்தவை மஞ்சள். எண்ணெய் மில்லில் இருந்தவை பழுப்பேறி மினுக்கின. மாரப்பன் வாளியில் ஊறியவை நீலம் பிடித்திருந்தன, சாயப்பட்டறையில் கிடந்தவை எல்லாம் செக்கச்செவேல். நன்றாக இருந்த பொருளை ஊரெல்லாம் கொடுத்துக் கறையாக்கிவிட்டோமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. செயலாளர் எழுதியிருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. இரண்டு மூன்றை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து மூடினாள், அவை திரையில் வந்ததும் கை தானாக வெளுக்கிற பொத்தானுக்குப் போயிற்று.

"அக்கா, வெள்ள பண்ணப் போறீங்களா?"

சிந்தாமணி பின்னால் நின்றிருந்தாள். கையில் கிண்ணமில்லை. மூக்குத்தியிலிருந்து கழற்றிய அந்தச் சிவப்பு நட்சத்திரம் மட்டும் உள்ளங்கையில் இருந்தது. அவள் கல்யாண ஆல்பத்தைப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் கோகிலாமணிதான் செய்தாள்.

"கறையாப் போச்சு கண்ணு. தொடச்சாத்தான் நல்லா இருக்கும்."

"என்ற ஆல்பத்துல என்னையத் தவுத்து எல்லாரும் இருக்கறாங்கக்கா," என்றாள் சிந்தாமணி. கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னாள். "என்ற புள்ள அதையப் பாத்துட்டு, அப்பா பக்கத்துல நிக்கறது யாருன்னு கேக்கறா. இதுகளையாவது அப்படியே உடுங்க. பாவம், இருந்துட்டுப் போகுது."

கோகிலாமணிக்கு முகம் சுட்டது. அப்போதுதான் அவள் மேஜையின் மேல் கிடந்தவற்றைச் சரியாகப் பார்த்தாள். கடுஞ்சூடானது நீலம், நடுத்தரம் மஞ்சள், குளிர்ந்தது சிவப்பு. எந்த வீடியோவும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து வராததை மாரப்பனின் வாளியும் சென்னியப்பனின் டிக்காஷனும் பதிமூன்று நாளாகச் செய்து வைத்திருந்தன. அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆல்பத்த எடுத்துட்டு வா கண்ணு," என்றாள். "பழைய படமெல்லாம் எங்கிட்ட இருக்குது. உன்னையத் திருப்பி வெச்சுத் தரேன்."

பிறகு இரண்டு பேருமாக நட்சத்திரங்களைத் தட்டுத் தட்டாக ஸ்கேனரில் பரப்பினார்கள். மூடியை மூடுவார்கள், வெளிச்சம் ஓடும், திறந்தால் கண்ணாடி வெறுமையாக இருக்கும். திரையில் அவை மேகத்தின் ஓரத்தில் வந்து கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, மேயப்போன மாடுகள் பொழுதோடு அவரவர் கட்டுத்தறிக்குப் போகிறமாதிரி, யாரும் ஓட்டாமலே தம் தம் இடத்துக்குப் போய் நின்றன. மாரப்பனின் வாளியில் இருந்த நீலமெல்லாம் மேகத்தின் நடுக்குழிக்குள் போய்க் கூட்டமாக உட்கார்ந்தன. நாச்சாத்தாளின் துவரம்பருப்பு வெண்ணெய் நிறத்தில் அந்தக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டது. சிந்தாமணி கடைசியாகத் தன்னுடையதை வைத்தாள். அது இதழின் விளிம்பு வரைக்கும் போய், அங்கே சிவப்பாக நின்றது.

மார்கழி இருபத்துநான்காம் நாள் படம் போயிற்று. ஆராவமுதன் இரண்டே வரி எழுதினார். மாட்டுகிறோம் என்பது ஒரு வரி. நிறங்களை எப்படி மீட்டீர்கள் என்பது இன்னொரு வரி.

தை மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சிப்பாளையம் இரண்டு வேன் பிடித்துக் கோயமுத்தூர் போயிற்று. கட்டுச்சோறும் போயிற்று. கண்காட்சிக் கூடத்தில் மற்ற படங்களுக்கு முன்னால் ஆட்கள் கைகட்டி அமைதியாக நின்றார்கள். கோகிலாமணியின் படத்துக்கு முன்னால் சந்தை கூடியிருந்தது. ஆராவமுதன் கையில் குச்சியோடு, இந்த மேகத்தின் வெளிச்சம் நம்மை வந்து சேர ஐயாயிரம் வருஷம் ஆகிறது என்று விளக்கினார். யாரும் மேகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் தங்கள் வீட்டில் இருந்ததைத் தேடிக்கொண்டிருந்தார்கள், தேடி, தயக்கமே இல்லாமல் கண்டுபிடிக்கவும் செய்தார்கள். ஒன்றுக்கு மட்டும் சென்னியப்பனும் எண்ணெய் மில்காரரும் சொந்தம் கொண்டாடினார்கள். இருதயராஜ் நடுவில் புகுந்து, அது இரட்டை நட்சத்திரம், ஆளுக்கொன்று என்று சொல்லிப் பிரித்துவைத்தான். சிந்தாமணியின் மகளை யாரும் தூக்கிக் காட்டவில்லை, எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பெரியவர்களின் இடுக்கில் புகுந்து முன்னால் வந்து, ஒரு தடவை பார்த்துவிட்டு, "அம்மா, உன்ற மூக்குத்தி," என்றாள்.

ஆராவமுதன் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு கோகிலாமணியிடம் வந்தார். "சொல்லுங்கம்மா. நட்சத்திர நிறத்துக்கு என்ன முறை கையாண்டீர்கள்?"

"ஊர்ல பதிமூணு நாளு குடுத்து வெச்சிருந்தனுங்க," என்றாள் அவள்.

அவர் கணக்கு வாத்தியார். பதிமூன்று நாள் என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு நாச்சாத்தாள் படத்தின் அருகே வந்தாள். தன்னுடைய நட்சத்திரத்தை அவள் வாசலில் நுழைந்தபோதே பார்த்து முடித்துவிட்டாள். கீழே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டி, "இதுல உன்ற பேரு எது?" என்றாள்.

கோகிலாமணி அவள் விரலைப் பிடித்து, இருதயராஜின் பேரைத் தாண்டிக் கொண்டுபோய், இரண்டாவது வரியின் மேல் வைத்தாள். நாச்சாத்தாள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் விரலை மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். வெண்ணெய் மணக்கும் விரல் அது. அட்டையில் லேசாக ஒரு பளபளப்பு விழுந்தது.

"அடேயப்பா, இத்தன நீளமா?"

எத்தனையோ ஜோடிகளின் பேரைத் தங்கத்தில் எழுதியவள் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அட்டையை அளந்து பார்த்தாள்.

"எழுத்து பத்தலீங்க," என்றாள் கோகிலாமணி. "இன்னுங் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கோணும்."